உழவு இயந்திரத்தின் பின்னே ஒரு பெட்டிப் பலகை

உழவு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர் ஒருவரின் வளவுக்குள் போனால் இயந்திரத்தோடு கூடவே மூன்று பொருட்களைக் காணலாம். உழுவதற்குக் கொழுக் கலப்பை, சேறடிக்க ரொட்டவேற்றர், நெல்லும் மணலும் ஏற்றப் பெட்டி. ஆனால் ஓரிடத்து மண்ணை வழித்தெடுத்து, இழுத்துச் சென்று, இன்னோரிடத்தில் பரப்பி மட்டமாக்குவதற்கு அவரிடம் எதுவும் இருப்பதில்லை. அந்த வேலை வந்தால் ஒன்றில் மண்வெட்டி பிடித்த கூலியாட்கள், அல்லது மணித்தியாலக் கணக்கில் வாடகை கேட்கும் புல்டோசர். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சாதாரணக் கருவி இருக்கின்றது. அதைப்பற்றி எழுதும்படி வாசகர் பலர் கேட்டிருந்தனர்.

பொக்ஸ் பிளேட் என்பது அதன் பெயர். எமது பகுதியில் 'பெட்டி' என்றால் பாரம் ஏற்றும் பெட்டியைத்தான் எவரும் நினைப்பர். 'அலகு' என்று எழுதினால் பள்ளிக்கூடப் பாடம் என்று நினைத்துவிடுவார்கள். மாடு பூட்டிய காலத்திலிருந்தே சேற்று வயலில் பலகை அடித்துப் பழகியவர்கள் நாம். ஆகவே இதனைப் பெட்டிப் பலகை என்றே சொல்லிக்கொள்வோம்.

எமது வாசகர்களுள் அநேகர் பல தடவை இடம்பெயர்ந்தவர்கள். மன்னார் மாந்தை மேற்கு மக்கள் 2007, 2008ஆம் ஆண்டுகளில் விளைந்த வயலையும் விட்டுக் கிழக்கு நோக்கி நடந்து, 2009 மே மாதத்தின் பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டு, அவ்வாண்டின் இறுதியிலிருந்து சிறிது சிறிதாக ஊர் திரும்பினர். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. வலிகாமம் வடக்கு மக்களுக்கோ 1990இல் விட்டுச்சென்ற காணிகள் துண்டு துண்டாகவே திரும்பக் கிடைத்தன. இன்னும் கிடைக்காதோரும் உள்ளனர்.

திரும்பிக் கிடைத்த வயல் எப்படியிருந்தது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. வரம்புகள் கரைந்துபோயிருந்தன. நடு வயலில் உடைமரம் முளைத்திருந்தது. கறையான் புற்றுகள் ஆளுயரத்திற்கு நின்றன. எருமை புரண்ட குழிகள் ஒருபுறம், கனரக வாகனங்கள் உழக்கிய தடங்கள் மறுபுறம். பற்றை வெட்டி எரிப்பதற்கு உதவி கிடைத்தது, விதைநெல் கிடைத்தது. சிலருக்குக் கடனில் உழவு இயந்திரமும் கிடைத்தது. நிலத்தை மட்டமாக்குவது பற்றி மட்டும் அன்று எவரும் அதிகம் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

மட்டமில்லாத வயலின் செலவு

ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்திற்கு நீர் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 1 இலட்சம் லீற்றர் நீர் தேவை. வயலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 4 அங்குலம் உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உயர்ந்த பக்கத்தை நனைப்பதற்காகவே தாழ்ந்த பக்கத்தில் 4 அங்குலம் கட்டவேண்டும். சரிவு சீராக இருந்தால் சராசரி 2 அங்குலம். அதாவது 2 இலட்சம் லீற்றர் நீர் மேட்டைத் தொடுவதற்கு மட்டுமே போய்விடுகின்றது. கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலின் கடைவாயில் காணி வைத்திருப்பவருக்கு இக்கணக்கின் பொருள் நன்கு விளங்கும்.

நீர் மட்டுமா? தாழ்ந்த இடத்தில் முளை அழுகும். மேட்டில் நீர் நில்லாமையால் கோரையும் நெற்சப்பியும் எழும்பும். போட்ட பசளை பள்ளத்திற்கு ஓடும். வயல் ஒரே நாளில் முற்றாது, ஆகவே வெட்டு மெசினுக்கு ஒரு பகுதி பச்சையாகவும் ஒரு பகுதி உதிர்ந்தும் கிடைக்கும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களின் பிற்பகுதியில் கம்போடிய விவசாயிகளின் வயல்களில் ஒரே இன நெல்லையும் ஒரே அளவு பசளையையும் கொண்டு பார்த்தபோது, நன்கு மட்டமாக்கிய வயல்களில் ஹெக்டேருக்குச் சராசரி 530 கிலோ, அதாவது 24 சதவீதம், கூடுதல் விளைச்சல் கிடைத்தது. அதில் பெரும்பங்கு களை குறைந்ததால் வந்தது என்பது அவர்களின் முடிவு. கம்போடியாவும் நீண்ட யுத்தத்திலிருந்து எழுந்த, கண்ணிவெடி விதைக்கப்பட்ட நாடு என்பதை இங்கு நினைவுகூரலாம்.

கருவியும் அதன் வேலையும்

பெட்டிப் பலகை என்பது பின்பலகையும் இரு பக்கத் தகடுகளும் கொண்ட, முன்னும் அடியும் திறந்த இரும்புப் பெட்டி. பின்பலகையின் அடியில் இரண்டு வெட்டு விளிம்புகள் உண்டு. ஒன்று முன்னோக்கி, மற்றது பின்னோக்கி. அவற்றுக்கு முன்னே ஒரு குறுக்குச் சட்டத்தில் நான்கு முதல் ஆறு வரை கொத்து முட்கள் தொங்கும். இறுகிய மண்ணை முட்கள் கிளறும், விளிம்பு வழிக்கும், பக்கத் தகடுகள் மண்ணைச் சிந்தவிடாமல் காக்கும். மேட்டில் நிரம்பிய மண் பள்ளத்தில் தானாக இறங்கும். வெறும் பின்பலகை மட்டும் உள்ள கருவியில் மண் இருபுறமும் வழிந்து வரிசை வரிசையாக நிற்கும். பெட்டியில் அந்தத் தொல்லை குறைவு.

இதனைக் கொழுவுவதற்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். மசி பேர்குசன், டபே முதலிய இயந்திரங்களின் பின்னுள்ள இரண்டு கீழ்க்கைகளும் மேலே ஒரு டொப் லிங்கும் போதும். அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் 1884இல் பிறந்த ஹரி பேர்குசன் என்பவர் வகுத்த முப்புள்ளி இணைப்பு இது. 1946 முதல் இங்கிலாந்தின் கொவன்றி நகரில் அவருடைய சிறிய சாம்பல் நிற இயந்திரங்கள் 5 இலட்சத்திற்கு மேல் செய்யப்பட்டன. எமது ஊர்களில் இன்னும் ஓடும் பழைய மசி பேர்குசன் 35, 135 என்பன அவ்வழி வந்தவையே. அதற்குமுன் கலப்பை உழவு இயந்திரத்தின் பின்னால் சங்கிலியில் இழுபட்டது. அவர் அதனை இயந்திரத்தின் உடம்போடு சேர்த்துவிட்டார்.

பெட்டிப் பலகை ஓட்டுபவரின் திறமை எல்லாம் அந்த டொப் லிங்கில்தான். அதைத் திருகிக் குறுக்கினால் பெட்டி முன்னே கவிழும். முட்கள் ஆழ இறங்கும், விளிம்பு நன்றாக வெட்டும். அதை நீட்டினால் பெட்டி பின்னே சாயும். அப்பொழுது வெட்டாமல் பரப்பி, வழித்து, தடவிச் செல்லும். புதிதாக ஓட்டுபவர்கள் ஒரே நிலையில் வைத்துக்கொண்டு மண் ஏறி இறங்குகின்றது, வயல் அலைபோல வருகின்றது என்று கருவியைக் குறைசொல்வார்கள். முதலில் குறுக்கி வெட்டுங்கள். முடிக்கும்போது நீட்டித் தடவுங்கள். வலப்பக்கக் கீழ்க்கையின் கைபிடியைச் சுற்றிப் பெட்டியைச் சரித்தால் ஓரத்தில் சிறு வடிகாலும் எடுக்கலாம்.

அகலம் பின் சில்லுகளின் வெளித்தடத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். 35 முதல் 50 குதிரைவலு உள்ள இயந்திரத்திற்கு 6 அடி பொருந்தும். பாரம் 250, 300 கிலோ இருந்தால்தான் இறுகிய நிலத்தில் கடிக்கும். இரு சில்லு உழவு இயந்திரத்திற்கு இது ஒத்துவராது. அவர்கள் சேற்றில் பலகை அடிப்பதையே தொடரலாம்.

நாம் செய்த தவறு

2011ஆம் ஆண்டு மாந்தை மேற்கின் ஒரு கிராமத்தில், மக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், ஒப்பந்தக்காரர் ஒருவரின் புல்டோசரை நாம் அழைத்து வந்தோம். நான்கு நாட்களில் முப்பது ஏக்கர் வரை வழித்துத் தள்ளியாயிற்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாமும் அறிக்கை எழுதிப் படமும் அனுப்பினோம். அன்று மாலை ஒரு முதியவர் வந்து சொன்னார்: "பாதர், நிலம் மேசை மாதிரி வந்திட்டுது. ஆனா அதில என்ர நிலம் எதெண்டு எனக்குத் தெரியேல்லை."

கரைந்து போயிருந்தாலும் பழைய வரம்புகளின் அடையாளம் அதுவரை இருந்தது. ஒரு கோடு போல உயர்ந்த புல், ஒரு பழைய மதகுக் கல், ஒரு மொட்டைப் பனை. நான்கு நாட்களில் அவையெல்லாம் போய்விட்டன. உறுதியும் அனுமதிப்பத்திரமும் இடப்பெயர்வில் தொலைந்தவர்களுக்கு நிலத்திலிருந்த அந்த அடையாளங்களே சாட்சி. அண்ணன் தம்பி பிள்ளைகள் இருவர் இணக்க சபைக்குப் போய் இரண்டு வருடம் அலைந்தனர். கணவன் காணாமற்போன ஒரு பெண்ணின் நிலை இன்னும் மோசம். காணி கணவனின் பெயரில் இருந்தது. எல்லை பேசக் கூடியபோது ஆண்களை மட்டுமே அழைத்திருந்தோம். அவருடைய 24 பரப்பு 20 பரப்பாகிவிட்டது என்பதை விதைப்பு முடிந்த பிறகே அறிந்தோம்.

மேல்மண்ணின் கதை வேறு. புல்டோசர் ஒரு பக்கத்து மண்ணை எல்லாம் மறுபக்கத்தில் குவித்தது. வெட்டுப்பட்ட பக்கத்தில் மஞ்சள் அடிமண் வெளிவந்தது. இரண்டு காலபோகம் அங்கு பயிர் சாணளவுக்கு மேல் எழும்பவில்லை.

இதன் பிறகே பெட்டிப் பலகையின் பக்கம் எமது கவனம் திரும்பியது. இது சிறிய கருவி. வரம்பைத் தாண்டாமல் ஒரு துண்டு வயலுக்குள்ளேயே திரும்பி வேலை செய்யும். ஒரு தடவையில் ஓர் அங்குலத்திற்கு மேல் வழிக்க வேண்டியதில்லை. வேலை மெதுவாக நடப்பதால் காணிக்காரர் பக்கத்தில் நின்று "இதில போதும்" என்று சொல்லவும் நேரம் கிடைக்கும்.

ஆயினும் கருவி சிறியது என்பதால் முன்னேற்பாட்டை விட்டுவிடக்கூடாது. பலகை இறங்குமுன் அயற்காணிக்காரர் எல்லோரும், பெண்கள் உட்பட, ஒரே நேரத்தில் நிலத்தில் கூடவேண்டும். கிராம அலுவலரையும் அழையுங்கள். மூலைகளில் கொங்கிறீற் தூண் அல்லது ஆழப் புதைத்த கருங்கல் நடுங்கள். ஒவ்வொரு மூலைக்கும் அசையாத இரண்டு பொருட்களிலிருந்து, கிணறு, மதகு, கோயில் மதில் என்று எதுவானாலும், நாடா பிடித்து அளந்து ஒரு கடதாசியில் எழுதி எல்லோரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தூண் பிடுங்கப்பட்டாலும் கடதாசி பேசும்.

வயலில் இறங்கும்போது

மண்ணின் ஈரம் முக்கியம். ஆவணியில் முதல் மழை ஒன்று விழுந்து, பிடித்து நசித்தால் உதிரும் பதத்தில் இருக்கும்போது மண் நன்றாக வரும். சோளகத்தில் காய்ந்த நிலம் புழுதியாகப் பறக்கும். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கரிமண்ணில் விசேட கவனம் வேண்டும். ஒரு காலத்தில் காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்குப் போன களி அது. ஈரமானால் பெட்டிக்குள் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் கல்லாகும். இடைப்பட்ட சில நாட்களே வேலைக்கு உகந்தவை.

எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், கண் ஏமாற்றும். மேசன்மார் பிடிக்கும் நீர்மட்டக் குழாய் போதும். 30 அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொன்றிலும் உயரம் அளந்து, எல்லாவற்றையும் கூட்டி முளைகளின் தொகையால் பிரித்தால் சராசரி வரும். அதற்கு மேல் உள்ள இடம் வெட்டு, கீழ் உள்ளது நிரப்பு.

ஓர் ஏக்கரை ஒரே தட்டாக்க ஆசைப்பட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். மேலே சொன்ன 4 அங்குலச் சரிவை ஒரே தட்டாக்க ஏறத்தாழ 18 கியூப் மண் பெயர்க்கவேண்டும். 6 அடிப் பெட்டி ஒரு தடவையில் 10 கன அடிக்குக் கிட்டவே கொண்டுபோகும். கியூப்புக்குப் பத்துத் தடவை என்றால் 180 தடவை. ஒரு முழு நாள் போய்விடும், டீசலும் போய்விடும். 2022இல் டீசல் வரிசையில் இரவு பகலாக நின்றவர்கள் இதை மறந்திருக்கமாட்டார்கள். அதே வயலை நடுவே ஒரு வரம்பு போட்டு இரண்டு தட்டாக்கினால் மண் 9 கியூப்பாகக் குறையும், இழுக்கும் தூரமும் பாதியாகும், வெட்டும் ஆழமும் பாதி. வரம்புக்குப் போகும் நிலம் நட்டமல்ல.

இரண்டு அங்குலத்திற்கு மேல் வெட்ட வேண்டிய இடமாயின் மேல்மண்ணை முதலில் ஒரு பக்கம் வழித்து வையுங்கள். அடிமண்ணைச் சரிசெய்தபின் அதைத் திரும்பப் பரப்புங்கள். இரட்டை வேலைதான். எனினும் வெட்டிய இடத்தில் முதலாண்டு மாட்டெருவும் வைக்கோலும் கூடுதலாகப் போடவேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு மீற்றர் உயரத்து மேடு, பழைய மண் அரண், பெரிய புற்று இவையெல்லாம் பெட்டிப் பலகைக்குரிய வேலையல்ல. அதற்கு வேறு இயந்திரம் வேண்டும். மேலும், யுத்த காலத்து மண் அரண், பதுங்குகுழி இருந்த இடங்களில் எந்த இயந்திரமும் இறங்குமுன் கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மாடு மேய்ந்த இடம்தானே, விறகு பொறுக்கிய இடம்தானே என்பது போதாது. மாட்டின் குளம்பு படாத ஆழத்தில் கொத்து முள் படும். சிவப்புத் தடி நட்ட இடத்திலிருந்து மண் வழித்துத் தெருப் பள்ளத்தில் போடுவது, வெடியைத் தெருவுக்குக் கொண்டுவருவதாகும்.

ஒழுங்கையும் வீட்டு மேடும்

வயல் வேலை வருடத்தில் சில நாட்கள்தான். மிகுதி நாட்களில் பெட்டிப் பலகைக்குச் சோறு போடுவது கிறவல் ஒழுங்கைகள். பள்ளத்தில் கிறவல் கொட்டிவிட்டுப் போனால் அடுத்த மாரியில் அதே இடத்தில் அதே பள்ளம் இருக்கும். பள்ளத்தின் அடிவரை முட்களால் கிளறி, எல்லாவற்றையும் கலந்து, திரும்பப் பரப்பவேண்டும். ஒழுங்கை ஆமை முதுகு போல நடுவில் உயர்ந்திருக்கட்டும். 10 அடி அகலமாயின் ஓரத்தைவிட நடு இரண்டரை அங்குலம் உயர்ந்திருந்தால் நீர் நில்லாது. பிரசவ வலியோடு ஒரு தாயை ஏற்றிக்கொண்டு ஆட்டோ சேற்றில் புதைந்த இரவுகளைக் கண்டவர்களுக்கு இந்த இரண்டரை அங்குலம் சிறியதாகத் தோன்றாது.

வீட்டுக்கு மேடு போடவும், அத்திவாரக் கிடங்கு மூடவும் உதவும். ஆனால் வயல் மண்ணை வழித்து வீட்டு மேடு போடாதீர்கள். அவ்வாறே நெற்காணியை நிரப்பி வீடு கட்டவும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். குளக்கட்டில் எக்காரணம் கொண்டும் பலகை வைக்கவேண்டாம்.

செய்வதும் பகிர்வதும்

இரும்பு ஒட்டும் நல்ல பட்டறை எதிலும் இதைச் செய்விக்கலாம். உடலுக்குக் கால் அங்குலத் தகடு, விளிம்புக்கு லொறியின் பழைய வில்லுத் தகடு, முட்களுக்குக் கழித்த கலப்பையின் கொழுக்கள். விளிம்பை ஒட்டாமல் போல்ற் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள், தேய்ந்தால் மாற்றலாம். கீழ் ஆணிகள் 22 மில்லிமீற்றர், மேல் ஆணி 19 மில்லிமீற்றர். இந்த அளவு பிழைத்தால் ஆணி ஆடி ஆடித் துளை பெருக்கும்.

பாரம் போதாவிட்டால் மணல் மூட்டை கட்டுங்கள். பிள்ளைகளை ஏற்றி நிறுத்தும் பழக்கம் எமது ஊர்களில் இருக்கின்றது. சேற்றுப் பலகையில் அது விளையாட்டு. இங்கு கால் வழுக்கினால் விழுவது இரும்பு விளிம்பின் முன்னால். பின்னோக்கித் தள்ளும்போது வேகம் வேண்டாம், கீழ்க்கைகள் வளைந்துவிடும்.

ஒரு கிராமத்திற்கு ஒரு பலகை போதும். யாருக்கு முதலில் என்பதில்தான் சண்டை வரும். காசு முன்கூட்டித் தருபவருக்கு முதலில் என்றால் வறியவரின் வயல் எப்போதும் மழைக்குப் பின்தான் வரும். மழைக்குப் பின் வந்தால் வராததற்குச் சமம். ஆகவே கமக்காரர் அமைப்பு தனது காலபோகக் கூட்டத்திலேயே, வாய்க்கால் தலையிலிருந்து கடைவரை ஓராண்டும், கடையிலிருந்து தலைவரை மறு ஆண்டுமாக முறை வகுக்கட்டும். உழவு இயந்திரக்காரருக்கு டீசலும் நியாயமான கூலியும் கிடைக்கவேண்டும். அவரும் கடன் கட்டுபவர்தான். மணித்தியாலக் கணக்கில் பேசினால் வேலை இழுபடும், ஏக்கர்க் கணக்கில் பேசினால் அவசரப்படும். எமது அனுபவத்தில் மணித்தியாலக் கணக்கும், காணிக்காரர் கூட நிற்பதும் நல்லது.

மட்டமாக்கிய வயலும் முதலாண்டு மழையில் இறங்கும், நிரப்பிய இடம் தாழும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. விதைப்புக்குப்பின் முதன்முதல் நீர் கட்டும்போது, நீருக்கு மேல் தெரியும் ஒவ்வொரு திட்டிலும் ஒரு தடி நட்டுவிடுங்கள். அறுவடையில் தடியை விட்டுச் சுற்றி வெட்டச் சொல்லுங்கள். ஆவணியில் பலகை வரும்போது ஓட்டுபவருக்கு வேறு அளவு தேவைப்படாது. மேலே சொன்ன அந்தப் பெண் இதைத் தவறாமல் செய்து வருகின்றார். இணக்க சபையில் அவருக்கு 3 பரப்பு திரும்பக் கிடைத்தது, ஒரு பரப்பு இன்னும் வழக்கில். அவருடைய வயலில் முதலாண்டு பதினொரு தடிகள் நின்றன. கடந்த காலபோகத்தில் நாம் போனபோது எண்ணிப் பார்த்தோம். நான்கு.